சுவர் விழுந்த நாளுக்குப் பின் எங்கள் அண்ணன்

சர்வேசுரனுடைய சித்தத்தால் எங்கள் அண்ணன் இவ்வுலகை விட்டு அகன்று ஓராண்டு நிறைகிறது. அவருடைய ஆத்தும இளைப்பாற்றிக்கான பூசைக்கு வந்திருப்பவர்களில் பலர் அவரைக் கடைசி நாட்களின் கோலத்தில்தான் கண்டிருப்பீர்கள். அதற்கு முன் அவர் வேறு மனிதராக இருந்தார். அதைச் சொல்லவே தங்கையாகிய நான் இந்த நினைவு மலரில் எழுதத் துணிந்தேன்.

அண்ணன் ஏலாக்குறிச்சிக்கு அருகில் கொள்ளிடக் கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். காலராவில் தகப்பனார் மறைந்தபோது நான் தொட்டில் குழந்தை. அண்ணன் பள்ளியை விட்டுச் சுண்ணாம்பு சுமக்கப் போனார். கொத்தனாராகி, பிறகு மேஸ்திரியாகி, என்னை ஆசிரியைப் பயிற்சி வரை படிக்க வைத்தார். மாலையில் தலையெல்லாம் சுண்ணாம்பாக வந்து, “கெழவன் வந்துட்டேன், சோத்தப் போடுங்க” என்பார். அம்மா தினமும் சிரிப்பார்.

அவரோடு முதல் நாளிலிருந்து வேலைக்குப் போன தோழர் சவரிமுத்து. அவர் மனைவி மரியாயியும் அதே கட்டட வேலைச் செட்டில் சித்தாளாக இருந்தார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெரம்பலூரில் ஒரு வியாபாரிக்குக் கிடங்கு கட்டினார்கள். சிமெண்டு கிடைக்கவில்லை, சுண்ணாம்புச் சாந்துதான். ஐப்பசி மழையில் சுவர் ஊறிப்போயிருந்தது. காயட்டும் என்று அண்ணன் சொல்லியும், கடலை மூட்டைகள் வந்து இறங்குவதற்குள் கூரை ஏற வேண்டும் என்று முதலாளி அவசரப்படுத்தினார். அண்ணன் மனமில்லாமல் ஒப்புக்கொண்டார். “இந்த ஒரு செங்கல் வரிய மட்டும் முடிச்சுட்டு எறங்கிடுடா” என்று சவரிமுத்துவைச் சாரத்தில் ஏற்றினார். அந்த வரி முடிவதற்குள் சுவர் சாய்ந்தது. அண்ணனும் உடன் கொத்தனாரான பெரியசாமியும் வெறுங்கையால் செங்கல்லை அள்ளினார்கள். எடுத்தபோது சவரிமுத்துவுக்கு உயிர் இல்லை.

அடக்கம் முடிந்து அண்ணன் வேலைக்குத் திரும்பினார். ஆனால் மற்றவர்கள் எழுப்பும் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நெடுநேரம் நிற்கலானார். “அசையுது, எல்லாரும் எறங்குங்க” என்பார். அரியலூரில் ஒரு நாள் நல்ல சுவரைக் கடப்பாரையால் தாமே இடித்துத் தள்ளினார். அதன் பிறகு யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

சவரிமுத்துவின் ஆவி பிடித்திருக்கிறது என்றார்கள். வேப்பிலையால் அடித்த மந்திரவாதியும் உண்டு. அந்தத் தழும்புகளுக்கு நான்தான் எண்ணெய் தடவினேன். அம்மா ஏலாக்குறிச்சி மாதாவிடம் முழங்காலில் போனார். பெரியசாமி சிறுவாச்சூர் ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டார். திருச்சி டாக்டர், “உடம்புல ஒண்ணுமில்லை, ஓய்வு குடுங்க” என்றார். ஓய்வில்தான் அண்ணன் இன்னும் வாடினார்.

ஒரு காலையில் மரியாயி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணே, வேலைக்கு வாங்க.”

அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “ஒம் புருசன நாந்தானம்மா ஏத்திவுட்டேன்.”

“ஏத்திவுட்டீங்க. நீங்களும் தெனம் ஏறுனவருதான? ஒங்க மேல வுழுந்திருந்தா அவரு ஒங்க தங்கச்சி மூஞ்சில முழிக்காம இருந்திருப்பாரா? எந்திரிங்க. சாந்து கலக்க ஆளு இல்ல.”

அண்ணன் எழுந்து போனார். மேஸ்திரியாகியிருந்த பெரியசாமி அவருக்குத் தரைவேலை மட்டுமே கொடுத்தார். தனியாக எங்கும் விடவில்லை. “அசையுது” என்று அண்ணன் சொன்னால் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் இறங்கி நின்றார்கள். அவர் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து ஓய்ந்த பிறகே மீண்டும் ஏறினார்கள். அண்ணன் நன்றாகச் சாப்பிடத் தொடங்கினார். ஒரு நாள் குழம்பில் உப்பில்லை என்று கோபித்துக்கொண்டார். அம்மா அடுப்படியில் நின்று சந்தோஷத்தில் அழுதார்.

அது நிலைக்கவில்லை. வேறொரு கட்டடத்தில் ஆட்கள் இறங்கி நின்றதை அதன் சொந்தக்காரர் பார்த்துவிட்டார்.

“பைத்தியம் சொன்னா எல்லாரும் எறங்கிடுவீங்களா? இவன் இங்க நின்னா ஒருத்தருக்கும் வேலை கெடையாது.”

“அப்ப நாங்களும் போயிட்டு வரோமுங்க” என்று பெரியசாமி சாந்துக் கரண்டியைக் கழுவினார்.

அரிசி கிடைக்காத நாட்கள் அவை. மறுநாள் முதல் அண்ணன் வேலைக்குப் போகவில்லை. “என்னால அவுங்க வூட்ல அடுப்பு எரியாமப் போவக் கூடாது” என்று என்னிடம் சொன்னார். செட்டு ஆட்கள் வாசலில் வந்து உட்கார்ந்து கூப்பிட்டார்கள். அவர் கதவைத் திறக்கவில்லை. பெரியசாமி அழுததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு அண்ணனுக்கு எங்கள் வீட்டுச் சுவரின் மேலும் நம்பிக்கை போய்விட்டது. வெளியில் புளிய மரத்தடியில் படுத்தார். மழையிலும் உள்ளே வர மறுத்தார். தூக்கிவந்தால் திமிறி ஓடினார். மார்ச்சளி கண்டு காய்ச்சல் ஏறியது. சாகும் தறுவாயில் பூசும் தைலமான அவஸ்தை பூசுவதற்காகச் சாமியார் வந்தபோது அண்ணனை வீட்டுக்குள் கிடத்தியிருந்தோம். அவர் அம்மாவின் கையைப் பற்றி, “நீயாவது வெளிய போயிடும்மா, சுவரு நிக்காது” என்றார். அதுவே அவருடைய கடைசிப் பேச்சு. மகனை மண்ணுக்குக் கொடுத்த அம்மாவுக்கு இன்றுவரை கோவிலுக்குள் உட்கார முடியவில்லை; வாசலில் நின்றே பூசை காண்கிறார்.

மழையில் நனைந்தபடி அவருக்குக் காவல் இருந்த அண்டை வீட்டாருக்கும், அவஸ்தை பூசிய சாமியாருக்கும், தன் துக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து அழைத்த மரியாயிக்கும், கூலியை இழந்த செட்டு ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இன்று அந்தச் செட்டு இல்லை. ஆளுக்கொரு திசையாகப் பிழைக்கப் போய்விட்டார்கள். மரியாயியும் பிள்ளைகளோடு தாய்வீடு சேர்ந்துவிட்டார்.

இந்த மலர் அச்சுக்குப் போகுமுன் பெரியசாமியின் மனைவி பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தேடி வந்தார். பெரியசாமி இப்போது சாரத்தைக் கண்டாலே ஏறாமல் கீழேயே உட்கார்ந்துவிடுகிறாராம்.

“டீச்சரம்மா, ஒங்க அண்ணனுக்கு என்னென்ன வைத்தியம் பாத்தீங்க? எது கேட்டுச்சு?”

எல்லாவற்றையும் சொன்னேன். “செட்டோட கூட இருந்தப்ப மட்டும் கொஞ்சம் கேட்டுச்சு” என்றேன்.

“இப்ப அவருக்கு யாரும்மா கூட இருக்காங்க?” என்றார்.