கோரைக்குள்ளிருந்து வந்த பதில்

குளக்கரையில் வேலை என்றால் காற்றும் வாங்கலாம், சம்பளமும் வாங்கலாம் என்று நினைப்பீர்கள்; கொசுவுக்கும் அதில் பங்கு உண்டு. பள்ளி விடுமுறையில் எங்காவது மாட்டிவிடப்பட்ட தோழர்களே, உங்களுக்காக ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். இப்போது தரமாட்டேன். முதலில் பனி விலகட்டும்.

வாடகைக் குரல்

ஜொகூரில், உலு திராமில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால், மழைவெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் குளம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலையில் ரீத்தா அக்கா அங்கே ஆட்களுக்குப் பறவை காட்டுவார். நான் பைனாகுலர் தூக்குவேன். பனியில் குளமும் வானமும் ஒட்டிக்கொண்டு, நடப்பவர்களெல்லாம் மிதப்பதுபோல் இருக்கும். ஒருநாள் கோரைப்புல்லுக்குள் வாழும் ருவாக்-ருவாக் என்ற நீர்க்கோழி தலையே காட்டவில்லை. கொட்டாவி விட்டவர்களுக்காக நானே ஒளிந்துகொண்டு அதன் குரலில் கூவினேன். எல்லோரும் மூச்சை அடக்கினார்கள். அக்கா மட்டும் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார்: "கோழிக்கு மீசை தெரியுது. நல்லா குனிஞ்சுக்க."

சிவப்புக் கயிறு

காலையில் குளக்கரையில் ஆடி உடற்பயிற்சி செய்யும் ஆன்ட்டிமார்களுக்கு இடம் போதவில்லை. பாதையில் ஆடினால் சைக்கிள்காரர்கள் மணி அடிக்கிறார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் அருளப்பன் அங்கிள், கோரையை வெட்டிச் சிமெண்ட் போடலாம் என்று சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டிவிட்டார். கோழி குஞ்சு பொரிக்க இங்கே வேறு இடமே இல்லை என்று அக்கா கெஞ்சினார். அங்கிளும் பொல்லாதவர் இல்லை. தொண்டையைச் செருமினார் (அந்தச் செருமலை அவரைவிட நான் நன்றாகச் செய்வேன்): "கோழி இருக்குன்னா என் காதால கேக்கணும் ரீத்தா. சனிக்கிழமை வரேன் லா."

பேச்சுத் துணை

அந்தச் சனிக்கிழமை விடிந்ததும், அங்கிள் வந்தால் காதில் விழட்டும் என்று கோரைக்குள் குந்திக்கொண்டு கூவினேன். எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. மறுபடி கூவினேன், மறுபடி பதில். அது பனிக்குள் நெருங்கி வந்தது, நானும் தவழ்ந்தேன். உலகத்தில் நானும் அந்தக் கோழியும் மட்டும்தான் என்று தோன்றியது. கோரையை மெல்ல விலக்கினால், அங்கே அருளப்பன் அங்கிள். முழங்கால் வரை சேறு, வாயருகே குவித்த கை. சின்ன வயதில் தோட்டத்தில் இப்படிக் கூப்பிட்டுத்தான் கோழி பிடிப்பாராம். நானும் கேட்க வந்தவன் என்று நினைத்து, உதட்டில் விரல் வைத்து என்னை அடக்கினார்.

அந்த அமைதியில்தான் நிஜக் குரல் எழுந்தது. வெள்ளை மார்போடு தாய்க்கோழி எங்களைத் தாண்டி நடந்தது; பின்னால் கரித்துண்டுகள்போல் குஞ்சுகள். அங்கிள் சத்தமில்லாமல் கயிற்றை அவிழ்த்தார். ஆன்ட்டிமார்கள் ஆடச் சங்க மண்டபத்து வாசலைக் கேட்டுப் பார்ப்பதாக முணுமுணுத்துக்கொண்டே சுருட்டினார். பாதியில் கை நின்றது. மெதுவாகத் திரும்பி என் வாயைப் பார்த்தார்.

"டேய், அப்ப இவ்வளவு நேரம் உன்கிட்டயா பேசிட்டு இருந்தேன்?"

கோழிக்காகக் கத்துகிறவர்கள் கொஞ்சம் வாயை மூடினால்தான் கோழிக்கே பேச வாய்ப்புக் கிடைக்கிறது.