ஐந்தரைக் கட்டை அல்லேலூயா

ஆண்டவரைப் புகழ்ந்து பாடப் போய் வயிற்றெரிச்சலோடு வீடு திரும்புகிறவள் திருச்சியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினால், காவிரிப் பாலம் தாண்டும்வரை பொருமிக்கொண்டே வருவேன். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா, மணல் தெரிகிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை.

எல்லாம் சுருதியால் வந்த வினை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பங்குக் கோவிலின் பாடகர் குழுவில் பாடுகிறேன். போன வருஷம் குழுவுக்குப் புதிய தலைவர் வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற தம்பி. கீபோர்டில் கை வைத்தால் பிய்த்து உதறுவார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வந்ததும் எல்லாப் பாட்டையும் ஐந்தரைக் கட்டைக்கு ஏற்றிவிட்டார். குழுவில் நன்றாகப் பாடும் கல்லூரிப் பெண்ணுக்கு அதுதான் எடுப்பாம். பூசை யூடியூபில் லைவாக வேறு போகிறது.

பெஞ்சில் நிற்கிற ஜனம் அந்த உயரத்துக்கு எங்கே போகும்? முதல் வரியில் முயன்று பார்ப்பார்கள், இரண்டாவது வரியில் வாயை மூடிக்கொள்வார்கள். பங்குச்சாமி வாராவாரம் பீடத்திலிருந்து, எல்லாரும் சேர்ந்து பாடுங்கள் என்று கெஞ்சுவார். எனக்கும் மேலே போகப் போகக் குரல் கிழிந்தது.

எனக்கு ஜெபம் சொல்ல வராது. கண்ணை மூடினால் அடுப்பில் வைத்த பால் ஞாபகத்துக்கு வரும். பாடினால்தான் மனசு அவர் முன்னால் நிற்கும். அதையும் பிடுங்கிவிட்டால் நான் எதைக் கொண்டு அவரிடம் போவது?

கட்டையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லித் தலைவரிடம் கேட்டேன்.

“லைவ்ல டல்லா கேக்கும் ஆண்ட்டி. நீங்க மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க, உங்களுக்கும் ஈஸியா இருக்கும்” என்றார்.

எங்கள் தெருவில் பாசுரம் சேவித்துக்கொண்டு போகிற கோஷ்டியில் கரகரத்த குரல் எத்தனையோ உண்டு. யாரும் யாரையும் தள்ளி நிற்கச் சொல்லிக் கேட்டதில்லை. அன்று பாலத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தது. எங்கள் கோவிலில் அந்த நாட்களில் கீபோர்டுக்குத் துணி போர்த்திவிடுவார்கள். அல்லேலூயாவும் கிடையாது, மகிழ்ச்சியின் சொல் என்பதால் ஈஸ்டர்வரை அதை வாயில் எடுக்கக்கூடாது. கீபோர்டு இல்லாமல் தலைவருக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. குழுவில் பழைய ஆள் என்று என்னையே பாட்டை எடுத்துக்கொடுக்கச் சொன்னார்.

முதல் ஞாயிறு என் சுருதியில் எடுத்தேன். பின் பெஞ்சுகளிலிருந்து குரல் வந்தது. ஆண்களின் குரல்! அப்படியொன்று எங்கள் கோவிலில் இருப்பதையே மறந்திருந்தேன். முதல் வாசகம் முடிந்து பதிலுரைப் பாடல் வருவதற்குள் கோவிலே பாடிக்கொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நற்செய்தி வாசகத்துக்கு எல்லாரும் எழுந்து நின்றதும், மற்ற நாட்களில் அந்த இடத்தில் பாடுகிற பழக்கதோஷத்தில் என் வாய் முந்திக்கொண்டது. அல்லேலூயா என்று எடுத்துவிட்டேன்.

கல்லூரிப் பெண் என் கையைக் கிள்ளினாள். அதற்குள் ஜனம் பிடித்துக்கொண்டது. ஒருத்தருக்காவது தவக்காலம் நினைவுக்கு வரவேண்டுமே! கடைசிவரை தொண்டை திறந்து பாடி முடித்தார்கள். பங்குச்சாமி தலையைக் குனிந்தபடி காத்திருந்துவிட்டு, ஈஸ்டர் இன்னும் வரவில்லை என்று மட்டும் சொல்லி வாசிக்கத் தொடங்கினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பூசை முடிந்ததும் தலைவர் வந்தார். “லைவ்ல போயிடுச்சு ஆண்ட்டி.”

“தப்புதான் தம்பி. ஆனா ஜனம் பாடினதைக் கேட்டீங்களா?”

“கேட்டேன். அவங்களும் சேர்ந்து தப்பு பண்ணிட்டாங்க.”

கிண்டலாகச் சொல்லியிருந்தாலும் மனசு ஆறியிருக்கும். உண்மையாகவே வருத்தப்பட்டார். அடுத்த வாரத்திலிருந்து பாட்டெடுக்கும் வேலை கல்லூரிப் பெண்ணுக்குப் போனது.

ஈஸ்டர் அன்று கீபோர்டின் துணியை எடுத்தார்கள். அல்லேலூயாவுக்குப் புது மெட்டு, அதே ஐந்தரைக் கட்டை. அந்தப் பெண் அழகாகத்தான் பாடினாள். ஜனம் கைகூப்பிக்கொண்டு வாயை மூடி நின்றது. ஆண்டவர் உயிர்த்துவிட்டார், சத்தமாகப் பாடுங்கள் என்றார் பங்குச்சாமி. மைக்கிலிருந்து தள்ளி நின்ற நான் முயன்று பார்த்தேன், காற்றுதான் வந்தது. நீராவது அந்தத் தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று ஆண்டவரிடமே கோபித்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாப்பில், பின் பெஞ்சில் உட்காரும் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். அவளோடு அதுவரை நான் பேசியதில்லை.

“அக்கா, அன்னைக்கு நீங்க எடுத்தீங்களே, அந்த மாதிரி மறுபடி எப்பக்கா பாடுவோம்?”

“அடுத்த தவக்காலத்துலம்மா” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பஸ் வந்தது, ஏறிக்கொண்டோம்.