நிறம் ஏறாத சட்டை

பேய்க் கதை கேட்டு நடுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். இதைப் படிக்க ஆசையாக உட்கார்ந்திருக்கும் உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒன்றுவிட்ட மாமா பார்த்தார், பக்கத்து ஊரில் நடந்தது என்று யாராவது ஆரம்பித்தால் நான் பாதியில் எழுந்து போய்விடுவேன். இது அந்த மாதிரி இல்லை. என் கண்ணால் நான் பார்த்தது. 2002 ஜூலை, ஒரு வியாழக்கிழமை. மாலை 6.42 முதல் 7.05 வரை. கையில் கடிகாரம் கட்டியிருந்தேன். குடித்திருக்கவில்லை. நம்ப முடியாதவர்கள் தாராளமாகப் போகலாம்.

ஆரணியில் நாங்கள் மூன்று பேர் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தோம். நான் ஹேமநாத், கீபோர்டு. அன்புச்செல்வன் ரிதம் பேடில் தாளம் தட்டுவான். பரசுராமன் பாடகர்; அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். கல்யாண வரவேற்பில் அவர் வாயைத் திறந்ததும் ஜனங்கள் பந்திக்கு எழுந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட எங்களை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜ்காரர் தன் பாரில் சனிக்கிழமைதோறும் வாசிக்கக் கூப்பிட்டார். ஒரே நிபந்தனை.

“மேடைக்கு லைட்டு நீங்களே போட்டுக்கணும். டியூப் லைட்டுல உங்க மூஞ்சிய பாத்துகினு எவன் குடிப்பான்?”

இந்த வாய்ப்பை நம்பி அன்புச்செல்வன் செய்யார் கம்பெனி வேலையை விட்டிருந்தான். அவன் மனைவி அமலாவுக்கு ஏழாவது மாதம். எனக்கு அப்பாவின் பட்டுக் கடை இருந்தது. அவனுக்கு அந்தச் சனிக்கிழமையை விட்டால் ஒன்றும் இல்லை. அதுகூட எனக்கு அப்போது இளக்காரமாகத்தான் இருந்தது.

வேலூரில் லைட் செட் வாடகைக்கு எடுத்தால் எங்கள் சம்பளம் முழுதும் லைட்காரனுக்குப் போய்விடும். பரசுராமன் சீரியல் பல்பு கட்டலாம் என்றார். இது பார், கூழ் ஊற்றுகிற கோயில் இல்லை என்றேன். கூரையில் சுழலும் கண்ணாடி உருண்டை மாட்டலாம் என்றார். குடித்தவனுக்குக் கூரை தானாகவே சுழலும் என்றேன். எங்களுக்குத் தேவை நாலு பார் லைட்; நாடக மேடைகளில் தொங்குமே, அது. தகர டப்பாவுக்குள் பெரிய பல்பு, முன்னால் கலர் பேப்பர், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு டிம்மர் பெட்டி. பழையதாகக் கிடைத்தால் கட்டுப்படியாகும்.

“பார் லைட்டா? பாருக்குன்னே தனியா செய்றாங்களா?” என்று கேட்டார் பரசுராமன்.

இந்த ஆளோடு நான் நாலு வருஷம் குப்பை கொட்டினேன்.

செய்யார் ரோட்டில் பூங்காவனம் என்ற அம்மாள் பழைய லைட் செட் விற்பதாக அன்புச்செல்வன் விசாரித்து வந்தான். அவர் கணவர் வீரன் ஊர் ஊராக நாடகங்களுக்கு லைட் போட்டவராம். திடீரென்று தொழிலை விட்டுவிட்டாராம். சாமான் எல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய பவர்லூம் ஷெட்டில் கிடந்தது. நானும் அன்புவும் போனபோது மணி 6.25. அந்த அம்மாள் வாசலிலேயே சாவியை நீட்டினார்.

“உள்ள லைன் இல்ல தம்பி. தங்கவேலுன்னு ஒயர்மேன். அவரு வந்து எங்க வூட்லேர்ந்து இழுத்துக் குடுப்பாரு. அப்புறமா போட்டுப் பாருங்க.”

“நீங்க வரலியா?”

“முட்டி வலி,” என்றார். அதே முட்டியோடு ரெண்டு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார்.

அன்பு தன் மொபெட்டில் தங்கவேலுவைத் தேடிப் போனான். நான் ஷெட்டைத் திறந்தேன். மணி 6.35.

ஜன்னல் இல்லாத நீண்ட ஷெட். வாசலை ஒட்டி ஒரு மேஜை, அதன்மேல் நாலு கைப்பிடி வைத்த டிம்மர் பெட்டி. எதிர்க் கோடியில் பலகை மேடை. அதற்கு மேலே குழாயில் நாலு பார் லைட், மேடையைப் பார்த்துத் தொங்கின. சுற்றிலும் அக்கம்பக்கத்துத் தறிகளின் சத்தம். தடக் தடக் தடக்... 6.40-க்கு எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அப்பாடா என்றிருந்தது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

6.42. சும்மா முதல் கைப்பிடியைத் தள்ளிப் பார்த்தேன்.

ங்ங்ங்... என்று மெல்லிய இரைச்சல். சிவப்பு லைட் எரிந்தது.

மேடைமேல் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். அரைக்கை வெள்ளைச் சட்டை. தலை குனிந்திருந்தது.

“தங்கவேலுவா? லைன் குடுத்துட்டியா?”

பின்பக்கமாக வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். ஒயர்மேன்களுக்கு வாயில் பீடி இல்லாதபோதும் பேச்சு வராது. போகட்டும், லைட்டைச் சோதிக்க ஓர் ஆள் வேண்டும். வெறும் சுவரில் அடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

“அங்கியே நில்லு. தலைய தூக்கு.”

நின்றான். தலையைத் தூக்கவில்லை.

அப்போதுதான் முதல் கோளாறைக் கவனித்தேன். சுவர் சிவப்பு. பலகை சிவப்பு. அவன் சட்டை மட்டும் வெள்ளை.

நான் பட்டுக்கு நிறம் பார்க்கிற வீட்டில் பிறந்தவன். வெள்ளைத் துணி எந்த வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்ளும். சிவப்பில் சிவப்பாகும், பச்சையில் பச்சையாகும். சனியன் பிடித்த பழைய பல்பு என்று திட்டிக்கொண்டே பச்சைக் கைப்பிடியைத் தள்ளினேன்.

சுவர் பச்சை. சட்டை வெள்ளை.

நீலம். மஞ்சள்.

சட்டை வெள்ளை.

“இன்னாப்பா அங்க போயி ஒட்டிகினு நிக்கிற? ஒரு அடி முன்ன வா.”

வந்தான். பலகை கிறீச்சிடவில்லை.

“இன்னொரு அடி. ஜல்தி.”

வந்தான். மேடையை விட்டு இறங்கியதை நான் பார்க்கவில்லை. ஆனால் தரையில் நின்றான். லைட் எல்லாம் மேடையைப் பார்த்து எரிகிறது. தள்ளி வந்தால் ஆள் மங்க வேண்டும்.

மங்கவில்லை.

“இன்னும் ஒரு அடி...”

ஏன் அதைச் சொன்னேன்? இன்றுவரை தெரியவில்லை. வாய் சொல்லிவிட்டது.

வந்தான். பத்தடி தூரம். இவ்வளவு அருகிலும் முகம் இருட்டாகவே இருந்தது.

மணி 6.58.

நாலு கைப்பிடியையும் கீழே இழுத்தேன். லைட் அணைந்தது. இரைச்சல் நின்றது. கும்மிருட்டு.

சட்டை மட்டும் தெரிந்தது.

வெள்ளையாக.

“போதும்ப்பா...” என்றேன்.

சட்டை கொஞ்சம் பெரிதானது.

நான் கூப்பிடவில்லை...

இன்னும் பெரிதானது.

நான் கூப்பிடவே இல்லை.

எத்தனை நேரம் அப்படியே நின்றேன் என்று சொல்லத் தெரியாது. முதுகுக்குப் பின்னால் மொபெட் சத்தம் கேட்டது. டார்ச் வெளிச்சம் உள்ளே விழுந்தது. 7.05. எதிரே யாரும் இல்லை.

வாசலில் அன்புச்செல்வன். அவன் பின்னால் தோளில் ஒயர்ச் சுருளோடு ஒரு குண்டு ஆள்.

“கோச்சிக்காதீங்க சார், நான்தான் தங்கவேலு. கரண்ட் போயி அரை மணி ஆவப்போவுது. வந்ததும் லைன் குடுத்துடறேன்.”

“லைட்டு எரிஞ்சுதே...”

“எப்டி சார் எரியும்? இன்னும் ஒயரே இழுக்கல.”

அன்பு என் முகத்தைப் பார்த்தான். மேடைக்குப் போய், எம்பி ஒரு பார் லைட்டைத் தொட்டான். கால் மணி நேரம் எரிந்த பார் லைட்டைத் தொட்டால் தோல் உரிந்துவிடும். அவன் உள்ளங்கையை அப்படியே வைத்திருந்தான்.

“சில்லுனு இருக்குடா.”

டார்ச்சை வாங்கிச் சுற்றிலும் அடித்துப் பார்த்தேன். அந்த ஷெட்டுக்குப் பின்பக்கம் கதவே கிடையாது.

லைட்டை வாங்கவில்லை. சனிக்கிழமை ஹார்டுவேர் கடையில் ரெண்டு ஃபோகஸ் லைட் வாங்கி, முன்னால் சிவப்பும் நீலமும் பேப்பர் ஒட்டினோம். ரெண்டாவது பாட்டில் பேப்பர் கருகிப் புகைந்தது. பரசுராமன் இருமிக்கொண்டே பாடினார்; வழக்கத்தைவிட நன்றாக இருந்தது. புகை வேண்டுமென்றே விட்டது என்று நினைத்துக் குடிகாரர்கள் விசிலடித்தார்கள். லாட்ஜ்காரர் எங்களை நிரந்தரமாக வைத்துக்கொண்டார். அன்புவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு இனிப்பு கொடுக்கும்போதுகூட அவன் அந்த வியாழக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவனை அத்தனை நாள் இளக்காரமாகப் பார்த்ததற்கு நான் வெட்கப்பட அந்த ஒன்றே போதும்.

தங்கவேலு வாயிலிருந்து விஷயம் கசிந்து, டீக்கடையில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். தூக்கு மாட்டிக்கொண்டவன் என்றான் ஒருவன். ஷாக் அடித்துச் செத்தவன் என்றான் இன்னொருவன். முட்டாள்கள். நான் போய் விசாரித்தேன். அந்த ஷெட்டில் எந்தக் காலத்திலும் யாரும் சாகவில்லை.

அக்டோபரில் செய்யார் பஸ் ஸ்டாண்டில் வீரனைக் கண்டுபிடித்தேன். வேர்க்கடலை வண்டி வைத்திருந்தார். ஷெட்டுக்கு லைட் பார்க்கப் போனேன் என்று ஆரம்பித்ததும் கரண்டியை வைத்துவிட்டார்.

“கூப்ட்டியா?”

“ஆமாங்க... ஒயர்மேன்னு நெனச்சி.”

“எத்தினி அடி?”

“மூணு.”

“நான் ஒரு அடிதான் கூப்ட்டேன். தெள்ளாருல, ஒரு நாடகத்துல, இதே லைட்ட போட்டு. அதோட தொழில வுட்டேன்.” அடுப்பை அணைத்தார். “போவச் சொன்னியா?”

நான் சொல்லவில்லை.

ஷெட்டை ஆகஸ்டிலேயே இடித்துவிட்டார்களாம். சொல்ல வேண்டுமென்றால் இனி எங்கே போய்த் தேடுவது என்று கேட்டேன்.

வீரன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

“எதுக்குத் தேடணும்?” என்றார்.