திருத்தணியில் நான் வாங்காத மானியம்

1946, ஆடி பிறந்த முதல் வெள்ளி. காலை ஆறே முக்காலுக்குச் சென்னை சென்ட்ரலில் பாசஞ்சர் வண்டி ஏறினேன். திருத்தணிக்கு மூன்றாம் வகுப்புக் கட்டணம் ஒரு ரூபாய் ஓரணா. கைப்பையில் ஒரு தனியார் அறநிலையத்தின் கடிதம். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லையோர ஊர்களில் உழைப்பாளிகள் பேசும் சொற்களைத் தொகுக்க, இரண்டாண்டு ஆராய்ச்சி மானியம் கேட்டிருந்தேன். ஏழு மாதம் கழித்து 'நேரில் வரவும்' என்று பதில் வந்தது.

அதற்கு முன் நான்கு இடங்களில் கைவிரித்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் காரணமும் எழுதியிருந்தார்: 'கூலிக்காரர் பேச்சில் ஆராய என்ன இருக்கிறது?' அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. கோபம் குறையும்போதெல்லாம் எடுத்துப் படித்துக்கொள்கிறேன்.

நான் சென்னையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. முன்பு மூன்றாண்டு திருத்தணியில் வேலை பார்த்தவள். இந்தச் சொற்பித்து அங்கேதான் பிடித்தது.

பத்தே கால். அரக்கோணத்தில் வண்டி அரைமணி நேரம் நின்றது. அதைத் தாண்டி எட்டு மைலில் திருத்தணி. ஸ்டேஷன் வாசலில் காசிம் பாய் ஜட்காவோடு நின்றிருந்தார், பழைய பழக்கம். "எங்கம்மா, மலைக்கா?" என்றார். அறநிலையத் தலைவரின் பங்களாவைச் சொன்னேன். "ஆங், தெரியும். உள்ள போனவங்க யாரும் சீக்கிரம் வந்ததில்ல. நான் நிழல்ல நிறுத்திக்கினு இருக்கறேன்."

பாய் சொன்னபடியே ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார்கள். தலைவர் பெரிய நிலக்காரர், மரியாதையாகவே பேசினார். மானியம் அநேகமாக முடிவாகிவிட்டது என்றார். அப்புறம், விண்ணப்பத்தோடு நான் அனுப்பியிருந்த சொற்பட்டியலின் கைப்பிரதியைத் திருப்பிக் கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சில்.

"ஊர்ச்சொல் எல்லாம் இருக்கட்டும்மா. சேரிச் சொல் வாணாம். வேர்க்கடலையை மல்லாட்டைன்னு அச்சுல போட்டா படிச்சவங்க சிரிப்பாங்க. அதோட, ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்துலயும் அந்தப் பொம்பளைங்க பேரு எதுக்கு? அதையும் எடுத்துடுங்க. இந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டா திங்கட்கிழமை செக்கு வந்துடும்."

ஒரு நாள் அவகாசம் கேட்டு வெளியே வந்தேன். பணத்துக்கு ஆசை இல்லை என்று எழுதினால் பொய். இரண்டாண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம், புத்தகத்தை அச்சிடலாம். அந்தப் படிவத்தைப் பையில் மிகவும் பத்திரமாக வைத்தேன்.

பிற்பகல் மூன்று. கே.ஜி.கண்டிகை அங்கிருந்து ஐந்து மைல். ஜட்காவுக்குப் பன்னிரண்டு அணா. செம்மண் கொல்லையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மல்லாட்டைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். முனியம்மா என்னைக் கண்டு எழுந்து வந்தார். கூலி வேலை செய்பவர். என் வயதுதான் இருக்கும். என் அறுநூற்றுச் சொச்சம் சொற்களில் இருநூறுக்கு மேல் அவர் கொடுத்தவை. சிவப்புக் கோடுகளை அவரிடம் காட்டினேன். படிக்கத் தெரியாது, ஆனால் தன் பெயர் எழுதியிருக்கும் வடிவம் அவருக்குத் தெரியும்.

"நான் வேணாம்னு சொல்லிடப்போறேன்," என்றேன். பாராட்டை எதிர்பார்த்தேன் போலும்.

"எங்களக் கேக்காமலா?" என்றார் சட்டென்று. "பேரு எங்களுது டீச்சரம்மா. அத்த அடிக்கலாமா வாணாமான்னு நாங்கதான சொல்லணும்?"

எனக்கு முகம் சுட்டது. "சரி, சொல்லுங்க. என்ன செய்யலாம்?"

"நாளைக்கி நானும் வரேன். எம்மூஞ்சிக்கி நேரா அடிக்கட்டும்."

சனிக்கிழமை காலை எட்டு. ஐந்து மைலும் நடந்து, அன்றைய கூலியை விட்டுவிட்டு, முனியம்மா பங்களா வாசலுக்கு வந்து சேர்ந்தார். காவல்காரன் என்னை விட்டான்; அவரை மறித்தான். நானும் வெளியிலேயே நின்றுகொண்டு, பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். கடைசியில் தலைவரே படியிறங்கி வந்தார். முனியம்மாவைப் பார்த்ததும் என்னிடம் சீறினார்.

"இவள எதுக்கும்மா இங்க இட்டாந்தீங்க?"

முனியம்மா என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, 'இட்டாந்து' நான் குடுத்ததுதான? அத்தயும் அடிச்சிக்கீறாரா?"

கூட்டிக்கொண்டு வந்து என்பதற்கு அந்தச் சீமையில் அதுதான் சொல். "அடிச்சிருக்கார்," என்றேன்.

"அப்ப ஐயா இனிமே அந்த எடத்துக்கு வேற வார்த்தை தேடிக்கட்டும்," என்றார் முனியம்மா. "ஐயா, எம்பேரு முனியம்மா. நீங்க செவப்புப் பென்சிலால அடிச்சது என்னியதான்."

தலைவரின் முகம் கறுத்தது. "நீ யார் கொல்லையில வேலை செய்யறே?"

"இன்னிக்கி யார் கொல்லையிலயும் இல்லீங்க. நடந்து வந்து இங்க நிக்கறேன்."

காவல்காரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் படிவத்தை எடுத்து, மதில்சுவர் மேல் வைத்து, கையெழுத்துக்கான கோட்டின் குறுக்கே எழுதினேன்: 'சொற்களும் பெயர்களும் முழுதாக இருந்தால் சம்மதம். இல்லையென்றால் மானியம் வேண்டாம்.' தலைவர் வாங்கிப் படித்தார். "இந்தப் பக்கத்துல இனிமே யாரும் உங்களுக்கு ஒரு காலணா குடுக்க மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் சொன்னது பலித்தது. அந்தப் பக்கத்தில் யாரிடமிருந்தும் எனக்கு மானியம் வரவே இல்லை.

பதினொன்றரை. காசிம் பாய் எங்கள் இருவரையும் ஜட்காவில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்தார். முனியம்மாவுக்கு ஏதாவது தொல்லை வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது, கேட்டேன்.

"வந்தா வரட்டும். தெலுங்குக்காரங்க பக்கம் கரும்பு வெட்டப் போவேன், பொதட்டூர்பேட்டையில தறி வூட்டுல நூலு சுத்துவேன். எனக்கு இந்தக் கொல்லை ஒண்ணுதானா?" என்றார். வண்டி நகரும்போது ஜன்னலோடு நடந்து வந்தார். "அறுப்புக்கு வாங்க. இன்னும் எவ்ளோ வார்த்தை கீது!"

சென்னையில் எங்கள் தெருவிலும் மானியம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் புத்தகங்களின் முன்பக்கத்தில் தனவந்தர்களின் பெயர்கள் வாய் கொள்ளாத பட்டங்களோடு இருக்கும். சேதி சொன்னவர்களின் பெயர் ஒரு மூலையிலும் இராது. நானும் என் விண்ணப்பத்தில் பெயர்ப் பட்டியலைக் கடைசியில்தான் வைத்திருந்தேன், கேட்பவர் கண்ணில் உடனே படாதபடி. அரக்கோணம் தாண்டியதும் ஆறாவது விண்ணப்பத்தை எழுதத் தொடங்கினேன். முதல் பக்கம், முதல் வரி: 'இச்சொற்களை அளித்தவர்கள்.' கீழே, கண்டிகை முனியம்மா.