மூன்றெழுத்தும் வெளித்தாழ்ப்பாளும்

பல்கலைக்கழகத்தின் அரபு–தமிழ் அகராதிப் பிரிவில் அவருக்கு வேலை. தெருவில் அகராதிக்காரர் என்றால்தான் தெரியும். அரபு அகராதியில் ஒவ்வொரு மூன்றெழுத்து வேரின்கீழும், கூட்டுக்குடும்பத்தைப் போல, ஒன்றோடொன்று முகங்கொடுத்துப் பேசாத சொற்களெல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கும். அந்த மாதம் அவர் மேசைக்கு வந்த வேர் ஐன்-காஃப்-லாம். ஒட்டகம் ஓடிவிடாதபடி முன்காலை மடக்கிக் கட்டுவது அதன் பழம்பொருள். கட்டும் கயிறு, அறிவு, கோட்டை, தடுப்புக்காவல், வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்து ஆகிய அனைத்தும் அதன் பிள்ளைகள். கண்ணுக்குத் தெரியும் பொருளை முன்னும் கருத்துப்பொருளைப் பின்னும் வைத்து எழுதுவது அவருடைய ஒழுங்கு.

வீட்டுக் கவலை வேறு. மனைவியின் அண்ணன், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், அவர்களோடு இருந்தார். நினைவு தடுமாறத் தொடங்கியதிலிருந்து, விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். நெடுஞ்சாலையின் நடுவே நின்று லாரிகளை ஒதுங்கச் சொல்லிக் கொண்டிருந்தவரைக் காவலர் ஒருவர் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அன்றே மனைவி, அண்ணனின் அறைக்கு வெளித்தாழ்ப்பாள் போடத் தச்சரிடம் சொல்லிவிட்டாள்.

“மனுஷனை உள்ள போட்டுப் பூட்டறதா?”

“எங்கண்ணனைப் பூட்ட எனக்கென்ன ஆசையா? லாரிக்காரன் பிரேக் போட்டான், பொழைச்சாரு. நீங்கதானே நேத்து சாப்பிடறப்ப சொன்னீங்க, அறிவுங்கறதே கட்டிப்போடறதுலேர்ந்து வந்த சொல்லுன்னு? அவருக்கு உள்ள இருந்த கட்டு அவுந்துபோச்சு. நாம வெளியிலேர்ந்து கட்டறோம்.”

மணமான நாள்முதல் அவர் தொழிலை அவள் இவ்வளவு கச்சிதமாகக் கையாண்டதில்லை. அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“வயித்துப்போக்கு மருந்தும் அதே வேர்தான். அதையும் குடுத்துப் பார்க்கலாமா?”

“கிண்டலுக்கு மட்டும் குறைச்சலில்ல.”

“கிண்டல் இல்லம்மா. சொல்லு எங்கேர்ந்து வந்துச்சுன்னு வேர் சொல்லும். நாம என்ன செய்யணும்னு சொல்லாது.”

“அப்ப நீங்க சொல்லுங்க. நாளைக்குத் தச்சர் வர்றதுக்குள்ள.”

மறுநாள் விடியலில் மச்சான் சட்டையை மாட்டும்போது அகராதிக்காரரும் மாட்டினார்.

“எங்க கிளம்பிட்டீங்க, மாப்பிள்ளை?”

“உங்க வண்டியிலதான், மச்சான்.”

பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் இருவரும் உட்கார்ந்தார்கள். மச்சானின் கால் இல்லாத பிரேக்கை மிதித்தபடியே வந்தது.

“கிளட்சுலேர்ந்து காலை எடுக்கறானா பாருங்க! இவனுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது?”

ஓட்டுநர் கண்ணாடியில் முறைத்தார். அகராதிக்காரர் கும்பிட்டுச் சமாளித்தார். கடைசி நிறுத்தத்தில் இறங்கிய மச்சான், வண்டியை ஒருமுறை சுற்றிவந்து சக்கரங்களைப் பார்த்துவிட்டு, “சரி, வீட்டுக்குப் போலாம்” என்றார். திரும்பியதும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, உழைத்த களைப்போடு தூங்கிப்போனார்.

“தினமும் போவீங்களா?” என்றாள் மனைவி.

“ஆபீசுக்கு முன்னாடிதானே. போவேன்.”

“உங்களுக்கு உடம்பு முடியலைன்னா?”

கேட்டுவிட்டு அவளே தச்சரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“இன்னிக்கு வர வேண்டாம். இல்லல்ல, வேண்டாம்னு சொல்லலை. தாழ்ப்பாள் உங்ககிட்டயே இருக்கட்டும்.”