கொள்ளு மேல் ஏறிய சிவப்புக் கார்

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம், மாசி மாதம். தேனியில் ஒரு வீட்டு வாசலில் நின்ற காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு, மிளகாய்ப்பழச் சிவப்பு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு காலண்டரில் படம் பார்த்ததிலிருந்து இப்படி ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்காக ஏங்கியவன் நான். எங்களுக்கு ஆண்டிபட்டி பக்கம் விவசாயம். இந்த ஆசை என் மனைவிக்குத் தெரியாது. சொன்னால் வீடு ரெண்டாகிவிடும் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். அன்றைக்கும் உரம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். வாங்கி வாசலில் நிறுத்திவிட்டால் அப்புறம் என்ன செய்துவிடுவாள் என்று ஒரு அசட்டுத் தைரியம்.

காரை விற்றவர் மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு மலையாளி. முதுகுவலி வந்ததிலிருந்து அவ்வளவு தாழ்வான சீட்டில் ஏறி இறங்க முடியவில்லையாம். மறுநாள் மதுரையிலிருந்து வேறொருவர் பார்க்க வருவதாக அவர் சொன்னதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எனக்கு டிராக்டர் வாங்கித்தான் பழக்கம். டயரை உதைத்தேன். கதவைத் தட்டினேன். ஆயில் ஒழுகுகிறதா என்று அடியில் பார்க்கக் குனிந்தால், தரைக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. கடைசியில் வெள்ளை வேட்டியோடு குப்புறப் படுத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றேன். உண்மையில் அங்கே எது எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஓட்டிப் பார்க்கச் சாவியைக் கொடுத்துவிட்டு, முனகிக்கொண்டே பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். "பதுக்கே போயா மதி" என்றார். மெதுவாகப் போனால் போதுமாம். மெதுவாகப் போகவா இத்தனை வருஷம் காத்திருந்தேன்? வைகை அணைப் பக்கம் போகிற ரோடு காலியாகக் கிடக்கும். எங்கள் ஊர் எல்லைவரை போய், யார் கண்ணிலும் படாமல் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

எல்லை வளைவில் திரும்பினால் ரோடு முழுக்கக் கொள்ளுச் செடி. எங்கள் பக்கம் அறுத்த கொள்ளை இப்படித்தான் ரோட்டில் பரப்புவோம். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போகப் போக, கொள்ளு தானாக உதிர்ந்துவிடும். எத்தனையோ தடவை டிராக்டரை ஏற்றியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் பிரேக்கை மிதிக்கத் தோன்றவே இல்லை. யாரோ ஒரு விவசாயிக்கு உதவி செய்கிற பெருமையோடு ஏற்றினேன்.

பாதி தூரம்கூடப் போகவில்லை. செடியெல்லாம் அடியில் சுருண்டு அடைத்து, கார் கோழி அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டது. நான் விடுவேனா? ஆக்ஸிலேட்டரை இன்னும் மிதித்தேன். சக்கரம் சும்மா சுற்றியது. கருகல் வாடை வந்தது. அப்புறம் ரெண்டு பக்கமும் புகை. அடியில் கொதிக்கிற சைலன்சர், அதில் காய்ந்த செடி. நான் உருண்டு வெளியே வந்துவிட்டேன், அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

கொள்ளைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். ரெண்டு பேர் அவரை அக்குளில் கைகொடுத்துப் பச்சைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கி எடுத்தார்கள். இன்னொருத்தி குடிதண்ணீர்க் குடத்தைக் கொண்டுவந்து காருக்கு அடியில் ஊற்றினாள். போதாமல் கஞ்சித் தூக்குவாளியையும் கவிழ்த்தாள். புகை அடங்கியதும் நிமிர்ந்தாள். என் மனைவி.

"உரம் எங்க?" என்றாள்.

அது எங்கள் கொள்ளுதான். 'களம் ஈரமா கெடக்கு, ரோட்டுல பரப்பப் போறேன்' என்று காலையில் அவள் சொன்னதும், காரையே நினைத்துக்கொண்டு நான் 'ம்' கொட்டியதும் அப்போதுதான் உறைத்தது. நடுரோட்டில் நின்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். குனிந்து அடியில் பார்த்தாள். பிறகு அவரிடம் போய், "ஐயா, அடியெல்லாம் கீறிக் கெடக்கு. கருகல் வாடை வேற அடிக்குது. பாத்துக் கொறச்சுச் சொல்லுங்க" என்றாள்.

கீறலும் கருகலும் கால்மணி நேரத்துக்கு முன்னால் நாங்கள் போட்டவை! அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குறைக்கவும் செய்தார். நல்ல மனுஷன்.

நாலு நாள் கழித்துப் பணத்தைக் கட்டிக் காரை எடுத்துவரும்போது பக்கத்தில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். "வேண்டாம்னு சொல்லிருவியோன்னு பயந்துட்டேன்" என்றேன்.

"அன்னைக்குக் காலையிலேயே சொல்லியிருந்தீகன்னா, ரோட்டுல பரப்பாம இருந்திருப்பேன்ல" என்றாள்.

இப்போதெல்லாம் எந்த ஆசை வந்தாலும் முதலில் அவளிடம்தான் சொல்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் பதிலாக நானே 'வேண்டாம்' சொல்லிக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.