ஈரத் தரைமேல் போட்ட பழி

சாருலதா ஓரிடத்தில் நிலைத்து உட்கார்ந்து பார்த்தவர் மயிலாப்பூரில் எவரும் இலர். தொலைபேசித் துறையின் புகார்ப் பிரிவில் முப்பத்தோராண்டு வேலை பார்த்தவள். காரணம் எழுதப்படாத புகார் ஒன்று மேசையில் கிடந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. ஓய்வு பெற்ற பின்பும் அந்தப் பரபரப்பு ஓயவில்லை. விடியற்காலையில் கோயில் வலம், வந்ததும் பதிகம் பாடியபடியே சமையல், மாலையில் மறுபடி கோயில் என்று அறுபத்தொரு வயதிலும் கால் தரையில் பாவாது.

அப்படிப்பட்டவள் சென்ற மாதம் வடக்கு மாடவீதியில் வாழைக்காய் வாங்கித் திரும்புகையில் நடைபாதைக் கல் இடறிக் கையூன்றி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட மருத்துவர், எலும்பின் அடர்த்தியை அளந்து வரச் சொல்லி, அந்தத் தாளோடு அடையாற்றில் டாக்டர் மாளவிகாவிடம் அனுப்பினார்.

மாளவிகா தாளைப் படித்துவிட்டுப் படிவத்தை எடுத்தாள்.

"அம்மா, அப்பா யாருக்காவது இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கா, மேடம்?"

"இல்லை. அம்மா வழுக்கி விழுந்தா, அது வேற. மன்னி தரையைத் துடைச்சுட்டு ஈரமா விட்டுட்டா."

"விழுந்ததுல எது முறிஞ்சுது?"

"இடுப்புதான்."

"அப்போ 'ஆம்'னு போடணும்." அடித்துத் திருத்தினாள். "ஈரத்துல நானும் விழுந்திருக்கேன். தட்டிவிட்டுண்டு எழுந்து போயிட்டேன். நின்ன உயரத்துலேர்ந்து விழுந்து இடுப்பு முறியறதுன்னா, எலும்பு அதுக்கு முன்னாடியே இளைச்சிருக்கணும்."

பிறகு, சாருவின் எலும்பும் அப்படியே இளைத்திருப்பதைத் தாளில் காட்டி நிதானமாக விளக்கினாள். எலும்பின் அடர்த்தியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு பிறப்போடு வருவது. ஒரு மரபணு அன்று, நூற்றுக்கணக்கானவை, ஒவ்வொன்றும் துளித்துளியாகச் சேர்வது. வாரம் ஒரு மாத்திரை உண்டு. முதுகை வளைத்துக் குனியக் கூடாது. கூடப் பிறந்தவர்களும் அளந்து பார்ப்பது நல்லது.

சாருவின் செவியில் பாதிதான் ஏறியது. முதுகு வளைந்து வளைந்து உயரம் குறைந்துபோன சித்தி நினைவுக்கு வந்தாள். வயசாச்சு என்று சொல்லி அனைவரும் விட்டுவிட்டார்கள். அதற்குப் பின்னால் அம்மாவின் பதின்மூன்றாம் நாள் வந்து நின்றது.

பதினாறு ஆண்டுகளுக்கு முன், எழுபது வயதில் விழுந்த அம்மா பதினோரு மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். பதின்மூன்றாம் நாள் பந்தியில், முப்பது உறவினர் கேட்க, சாரு சொன்னாள்: "துடைச்சவா துடைச்சுட்டுப் போயிட்டா. போனது எங்கம்மா." பரிமாறிக்கொண்டிருந்த மன்னி வைதேகி, ரசப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அவ்வாண்டே அண்ணா ராகவேந்திரன் அவளை அழைத்துக்கொண்டு பெசன்ட் நகருக்குக் குடிபெயர்ந்தார்.

காரணம் கண்டு எழுதுவதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவள், தன் வீட்டுப் புகாரில் காரணத்தைத் தப்பாக எழுதியிருந்தாள்.

ஆட்டோ ஏறியதும் பெசன்ட் நகர் என்றாள். சிக்னல் தாண்டியதும் மயிலாப்பூருக்கே திருப்பச் சொன்னாள். திரும்பியதும், வேண்டாம், பெசன்ட் நகர் என்றாள்.

ஓட்டுநர் ஓரங்கட்டி நிறுத்தினார். "இன்னாம்மா, ஒண்ணு சொல்லு. நானும் சுத்திக்கினே கீறேன், எதுக்க வர்றவன் திட்டிக்கினே கீறான்."

"பெசன்ட் நகர். இனிமே நான் மாத்திச் சொன்னாலும் கேக்காதே, போய்ண்டே இரு."

கதவைத் திறந்த வைதேகியின் தோளில் மடித்த பழந்துணி கிடந்தது. இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் கண்டதுதான். ஒரு சொட்டு நீர் சிந்தினாலும் அந்தத் துணி உடனே தரைக்கு இறங்கும். சுத்தக்காரி என்றே இதுநாள்வரை சாரு எண்ணியிருந்தாள்.

"அம்மா இடுப்பு முறிஞ்சது உங்களால இல்லை, மன்னி." உட்காராமலே தொடங்கி, அறைக்கும் வாசலுக்குமாக நடந்தபடியே டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள்.

வைதேகி துணியை எடுத்து நான்காக மடித்தாள், பிரித்தாள், மீண்டும் மடித்தாள். "முப்பது பேர் நடுவுல சொன்னே. வாபஸ் வாங்க மட்டும் தனியா வந்திருக்கே."

"அடுத்த வாரம் அம்மா ஸ்ரார்த்தம். எல்லாரும் வருவா. இலை போட்டதும் எழுந்து நின்னு சொல்றேன்."

"அன்னிக்கு வீடு முழுக்க அலம்பி ஈரமா இருக்கும். வரவாள்லாம் வழுக்கறச்சே என்னைத்தான் பார்ப்பா." சிரிப்பு வரப் பார்த்து, வராமலே போயிற்று. "பரவாயில்லை, சொல்லு. நான் கேக்கணும்."

சாரு தலையசைத்தாள். வைதேகியின் கை துணியின்மேல் சட்டென்று நின்றது.

"அம்மாகிட்டேர்ந்து உனக்கு வந்துதுன்னா, உங்கண்ணாவுக்கு?"

கூடப் பிறந்தவர்கள் என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் சாருவுக்கு முழுமையாகக் கேட்டது. அண்ணா குளித்துக்கொண்டிருந்த அறையில் நீர் விழும் ஓசை நின்றது, வாளி நகர்ந்தது.

வைதேகி துணியோடு குளியலறை வாசலுக்கு ஓடினாள். சாரு பின்னாலேயே சென்று, கட்டில்லாத இடக்கையால் துணியைப் பற்றினாள். "குடுங்கோ, நான் துடைக்கறேன்."

"குனியக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னே. தள்ளி நில்லு. நீ விழுந்தாலும் பழி எனக்குத்தான்."

தாழ்ப்பாள் விலகியது. ராகவேந்திரனின் கால் படியைத் தாண்டி வெளித்தரையில் ஊன்றும்வரை, பெண்கள் இருவரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தனர்.